டீசல் பிக்கப் மிதித்தவுடன் ஏன் பாய்வதில்லை?

கேள்வி இதுதான். பல வருஷம் பழைய பொலேரோ கேம்பர் பிக்கப் ஓட்டிப் பழகியவர், இப்போது பிஎஸ்6 (புதிய மாசு விதி) டீசல் பிக்கப் ஒன்று வாங்கியிருக்கிறார். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஒரு நொடி, சில சமயம் அதற்கும் மேலே, வண்டி அசையாமல் யோசிக்கிறது. அப்புறம் மொத்தமாகக் கிளம்புகிறது. ஓவர்டேக் எடுக்கும்போது பயமாக இருக்கிறது என்கிறார். சர்வீஸ் சென்டரில் "எல்லா வண்டியும் இப்படித்தான் சார்" என்று அனுப்பிவிட்டார்கள். நண்பர் ஒருவர், மிதியின் சிக்னலைக் கூட்டிக் காட்டும் த்ராட்டில் பாக்ஸ் மாட்டச் சொல்கிறார். தெரிந்த மெக்கானிக், எரிந்த வாயுவைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் இஜிஆரை அடைத்துவிடலாம் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

இப்போதைக்கு இரண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டாம். அந்த ஒரு நொடியில் பெரும்பகுதி, இன்ஜின் காற்றுக்காகக் காத்திருக்கும் நேரம். டீசல் தயாராக இருக்கிறது, உங்கள் காலும் சொல்லிவிட்டது, ஆனால் எரிக்கப் போதுமான காற்று சிலிண்டருக்குள் இன்னும் வந்து சேரவில்லை. இந்தக் காத்திருப்பில் கொஞ்சம் வண்டியின் வடிவமைப்பிலேயே இருப்பது. அதை ஓட்டும் விதத்தால்தான் சமாளிக்க முடியும். அதற்கு மேல் இருந்தால் எங்கோ கோளாறு. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யலாம். உங்களுக்கு எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. அதற்குமுன் காசு செலவு செய்தால் வீண்.

பழைய கேம்பரில் ஏன் இந்தப் பிரச்சினை தெரியவில்லை? அதில் ஆக்ஸிலேட்டருக்கும் டீசல் பம்புக்கும் நடுவே ஒரு கேபிள்தான். மிதித்தால் பம்பின் லீவர் நகரும், கவர்னர் என்ற பாகம் கூடுதல் டீசலை விடும், அடுத்த சுற்றிலேயே நாசில் வழியாக அது உள்ளே போய்விடும். காற்று போதுமா என்று பெரிதாகக் கேட்பார் இல்லை. போதவில்லை என்றால் பாதி எரிந்த டீசல் பின்னால் கரும்புகையாகப் போகும். சிக்னலில் கிளம்பும்போது பழைய வண்டிகள் ஊதித் தள்ளிய புகை அதுதான். அந்தத் துள்ளலுக்கு விலை கொடுத்தது பின்னால் நின்ற பைக் ஓட்டியவரின் நுரையீரல்.

இப்போது ஆக்ஸிலேட்டர் மிதிக்கும் டீசல் பம்புக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. மிதியின் மேல்பக்கம் இரண்டு சென்சார்கள் இருக்கும். இரண்டும் வேறு வேறு வோல்டேஜில் ஒரே தகவலைச் சொல்லும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று, இன்ஜினை இயக்கும் கணினியான இசியு ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். ஒத்துப்போகவில்லை என்றால் பாதுகாப்புக்காகச் சக்தியைக் குறைத்து, வண்டியை மெதுவாக மட்டும் ஓட விடும். நீங்கள் மிதிப்பதை இசியு "இவ்வளவு டீசல் கொடு" என்று படிப்பதில்லை. "இவ்வளவு இழுவை வேண்டும்" என்ற கோரிக்கையாகத்தான் படிக்கிறது. அந்தக் கோரிக்கை வரிசையாகப் பல கேள்விகளைத் தாண்ட வேண்டும்: கியர்பாக்ஸ் தாங்குமா, சக்கரம் வழுக்குகிறதா, இன்ஜின் சூடாகிவிட்டதா, உள்ளே காற்று எவ்வளவு இருக்கிறது. கடைசிக் கேள்வியில்தான் பெரும்பாலான வண்டிகள் மாட்டிக்கொள்கின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1.9 லிட்டர், நாலு சிலிண்டர் இன்ஜின் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 475 சிசி அளவில் வரும். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இன்னும் வேகம் பிடிக்காத நிலையில் அதற்குள் போகும் காற்று சுமார் அரை கிராம். டீசல் முழுசாக எரிய ஒரு பங்கு டீசலுக்குப் பதினாலரைப் பங்கு காற்று வேண்டும் என்பது புத்தகக் கணக்கு. ஆனால் உள்ளே எல்லா இடத்திலும் காற்றும் டீசலும் ஒரே சீராகக் கலப்பதில்லை என்பதால், புகை இல்லாமல் எரிக்க 18 பங்கை ஒட்டிக் காற்று வேண்டும். அப்படியானால் அந்த அரை கிராம் காற்றுக்கு இசியு தரக்கூடிய டீசல் 25 மில்லிகிராம், அதிகம் போனால் 28. இதே இன்ஜின் டர்போவின் முழு அழுத்தத்தில் ஒவ்வொரு முறையும் 60 மில்லிகிராமுக்கு மேல் வாங்கும். ஆக, நீங்கள் மிதியைத் தரைவரை அழுத்தினாலும் அந்த முதல் நொடியில் உங்களுக்குக் கிடைப்பது அட்டவணையில் போட்டிருக்கும் இழுவையில் பாதிகூட இல்லை. இசியு வேண்டுமென்றே டீசலைப் பிடித்து வைத்திருக்கிறது. இந்தக் கட்டுப்பாட்டுக்குப் புகை வரம்பு என்று பெயர்.

அந்தப் பிடி இறுகக் காரணம் சட்டம். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 அமலுக்கு வந்தது. இந்த எடைப் பிரிவு டீசல் வண்டிகளுக்கு, பிஎஸ்4 காலத்தில் கிலோமீட்டருக்கு 60 மில்லிகிராம் புகைத்துகள் வரை அனுமதி இருந்தது, இப்போது 4.5 மில்லிகிராம். நைட்ரஜன் ஆக்சைடு 390-லிருந்து 125 மில்லிகிராமுக்கு இறங்கியது. 2023 ஏப்ரல் முதல் ஆய்வுக்கூடத்தில் மட்டும் இல்லாமல் ரோட்டில் ஓட்டியும் அளக்கிறார்கள். எனவே நீங்கள் திடீரென்று மிதிக்கும் அந்தத் தருணமும் கணக்கில் வந்துவிட்டது.

சரி, காற்று ஏன் உடனே வருவதில்லை? டர்போவைச் சுழற்றுவது இன்ஜினிலிருந்து வெளியேறும் சூடான வாயு. வாயு நிறைய வர வேண்டும் என்றால் டீசல் நிறைய எரிய வேண்டும். டீசல் நிறைய எரிய வேண்டும் என்றால் காற்று நிறைய வர வேண்டும். காற்றைத் தர டர்போ சுழல வேண்டும். ஒன்றுக்காக ஒன்று காத்திருந்து, படிப்படியாகத்தான் ஏறும். நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்ட வேண்டிய சக்கரத்தை, 1,200 ஆர்பிஎம்மில் (நிமிஷத்துக்கு 1,200 சுற்று) முனகும் இன்ஜினின் கொஞ்சூண்டு வாயுவை வைத்துக் கிளப்ப வேண்டியிருக்கிறது. இதற்காகத்தான் டர்போவுக்குள் அசையும் இதழ்கள் வைத்தார்கள். குறைந்த வேகத்தில் இதழ்கள் நெருங்கி வாயுவைக் குறுகலான வழியில் பீய்ச்சும், டர்போ சீக்கிரம் எழும்பும். காத்திருப்பு குறையும், ஆனால் முழுசாகப் போகாது. டர்போவிலிருந்து காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், அங்கிருந்து இன்ஜினுக்குள் காற்று நுழையும் இன்டேக் வரைக்கும் இருக்கும் நீளமான குழாய் முழுவதிலும் அழுத்தம் ஏறியாக வேண்டும்.

இதோடு இஜிஆரும் சேர்ந்துகொள்கிறது. நிதானமாக ஓட்டும்போது சிலிண்டருக்குள் போவதில் ஒரு பங்கு, எரிந்து முடிந்த பழைய வாயு. நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க அதுதான் வழி. நீங்கள் மிதித்தவுடன் இஜிஆர் வால்வு மூட வேண்டும், உள்ளே இருக்கும் பழைய வாயு தீர வேண்டும், புதுக் காற்று நிரம்ப வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் வால்வு இதைச் சட்டென்று செய்துவிடும். கரி பிடித்த வால்வு இழுத்துக்கொண்டு நிற்கும்.

இன்னொன்று, வண்டி குலுங்காமல் இருக்க இசியு தானாகவே சேர்க்கும் தாமதம். இன்ஜினின் இழுவை ஒரேயடியாக வந்தால் கியர், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல் எல்லாவற்றிலும் இருக்கும் சிறு இடைவெளிகள் "டொக்" என்று மோதும். அதைத் தவிர்க்க முதல் சில நூறு மில்லிசெகண்டுக்கு இழுவையை மெதுவாக ஏற்றுவார்கள். முதல், இரண்டாம் கியரில் இது கூடுதலாகத் தெரியும்.

இந்தியாவில் ஓடும் இரண்டு வண்டிகளை வைத்துப் பார்த்தால் படம் தெளிவாகும். இசுசு வி-கிராஸ் 2016-ல் வந்தபோது 2.5 லிட்டர் இன்ஜின். 134 குதிரைசக்தி, 320 நியூட்டன் மீட்டர் இழுவை. 2021-ல் பிஎஸ்6-க்கு மாறியபோது 1.9 லிட்டர் இன்ஜின். 163 குதிரைசக்தி, 360 நியூட்டன் மீட்டர். தாளில் பார்த்தால் எல்லாமே முன்னேற்றம்தான், வேகம் பிடித்தபின் ஓட்டினாலும் முன்னேற்றம்தான். ஆனால் அந்த 360 முழுசாகக் கிடைப்பது 2,000 ஆர்பிஎம்மில். அதற்குக் கீழே டர்போ தூங்கும் நேரத்தில் வேலை செய்வது வெறும் கொள்ளளவு, அது 2.5-லிருந்து 1.9 ஆகிவிட்டது. அதாவது நாலில் ஒரு பங்கு காற்று குறைவு. இழுக்க வேண்டிய எடையோ இரண்டு டன்னை ஒட்டியது. பழைய வண்டியை விற்றுப் புதியது வாங்கியவர்கள் "சக்தி கூடுதல் என்கிறார்கள், எனக்கு அடிவேகத்தில் தெரியவில்லையே" என்று சொல்வதில் தப்பே இல்லை. அவர்கள் உணர்வது நிஜம். டொயோட்டா ஹைலக்ஸில் 2.8 லிட்டர். அதன் மேனுவல் கியர் வண்டியில் 420 நியூட்டன் மீட்டர் 1,400 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடுகிறது. டர்போ எழும்பாத நிலையிலும் கொள்ளளவு கைகொடுக்கிறது. விலையும் அதற்கேற்ப என்பது வேறு விஷயம்.

மலையில் இது இன்னும் உறுத்தும். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு ஏறும் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். வளைவுக்கு முன்னால் பிரேக் பிடித்து இரண்டாம் கியரில் திரும்புகிறீர்கள். ஸ்டீயரிங் நேராகும்போது ஆர்பிஎம் 1,100-க்கு விழுந்திருக்கும், எதிரே செங்குத்தான ஏற்றம். மிதிக்கிறீர்கள். இன்ஜின் "ம்ம்ம்" என்று அடைக்கிறது, வண்டி நிற்கப்போவது போல இருக்கிறது, கை தானாகக் கியருக்குப் போகிறது, அப்போதுதான் டர்போ எழும்பித் தள்ளுகிறது. மேலே போகப் போகக் காற்றும் மெலிகிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் சென்னையைவிட ஏறக்குறைய 23 சதவீதம் குறைவு. டர்போ எழும்பாத நிலையில் இழுவையும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குறையும்.

ஆட்டோமேட்டிக் என்றால் கியர்பாக்ஸின் யோசனை நேரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மைலேஜுக்காக அது எப்போதும் பெரிய கியரிலேயே கிடக்கப் பார்க்கும். நீங்கள் மிதித்தால், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கன்வெர்ட்டரின் பூட்டைத் திறந்து, ஒன்றிரண்டு கியர் இறங்கி, அப்புறம்தான் இழுக்கும். ஸ்போர்ட் அல்லது பவர் மோடு இருந்தால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். பாதி மந்தம் அதிலேயே காணாமல் போனால் இன்ஜினில் குறை தேட வேண்டியதில்லை.

இனிப் பிரித்துப் பார்க்கும் வேலை. முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: வாங்கிய நாளிலிருந்தே இப்படியா, இடையில் வந்ததா? முதல் நாளிலிருந்தே என்றால் பெரும்பாலும் வடிவமைப்பு. "ஆறு மாசமாகத்தான் இப்படி" என்றால் கோளாறு, யார் என்ன சொன்னாலும் விடாதீர்கள்.

அப்புறம் ஆள் நடமாட்டம் இல்லாத, நேரான, சமதளமான ரோடாகப் பார்த்து, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, மூன்றாம் கியரில் 1,200 ஆர்பிஎம்மில் ஓட்டியபடி மிதியை முழுசாக அழுத்துங்கள். அதையே 2,000 ஆர்பிஎம்மில் செய்து பாருங்கள். 1,200-ல் தயங்கி 2,000-ல் உடனே பாய்ந்தால் அது டர்போவின் இயல்பான தாமதம். பாதி மிதித்தால் சோம்பல், முழுசாக மிதித்தால் நல்ல ஓட்டம் என்றால், மிதியின் கணக்கை நிறுவனம் மென்மையாக வைத்திருக்கிறது என்று அர்த்தம். 2,000-லும், முழுசாக மிதித்தும் சோம்பலாகவே இருந்தால் காற்றோ டீசலோ எங்கோ தடைபடுகிறது. மேனுவலில் ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. அது வேறு கதை.

கோளாறுகளில் நான் முதலில் தேடுவது இன்டர்கூலர் ஹோஸ். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் தவறவிடப்படுவதும் இதுதான். ஒரு பிக்கப் வந்தது, எந்த நிறுவனத்துடையது என்பது முக்கியமில்லை. இழுவை இல்லை, டாஷ்போர்டில் எந்த விளக்கும் எரியவில்லை, புகைத்துகளைப் பிடிக்கும் ஃபில்டரான டிபிஎஃப் மட்டும் அடிக்கடி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொண்டே இருந்தது. மேலிருந்து பார்த்தால் ஹோஸ் புதுசு மாதிரி. கிளாம்பைக் கழற்றி, அதன் அடியில் இருந்த ரப்பரைக் கட்டைவிரலால் மடித்தபோதுதான் தெரிந்தது: கிளாம்பின் விளிம்பு பதிந்த இடத்தில் ஒரு அங்குல நீளத்துக்குக் கீறல். ஐடிலில் (மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) ஒட்டிக்கொண்டிருக்கும், அழுத்தம் வந்தால்தான் வாய் திறக்கும். அடியில் எண்ணெயும் தூசியும் கலந்த கறுப்புப் பிசுக்கு திட்டாகப் படிந்திருந்தது. அந்தப் பிசுக்குதான் அடையாளம். மற்ற இடமெல்லாம் காய்ந்த தூசியாக இருக்க, ஹோஸில் ஒரு இடம் மட்டும் ஈரப் பிசுக்காக இருந்தால் அங்கே காற்று கசிகிறது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. காற்றை அளக்கும் சென்சார் ஏர் ஃபில்டரை ஒட்டி, டர்போவுக்கு முன்னால் இருக்கிறது. அதைத் தாண்டிய காற்று எல்லாம் இன்ஜினுக்குப் போய்விட்டது என்று இசியு நம்புகிறது. வழியில் ஹோஸ் கசிந்தால், இல்லாத காற்றுக்கும் சேர்த்து டீசல் விடுகிறது. பழைய வண்டியாக இருந்தால் பின்னால் கரும்புகை வந்து காட்டிக்கொடுத்திருக்கும். இப்போது அந்தப் புகையை டிபிஎஃப் பிடித்து வைத்துக்கொள்கிறது. எனவே புகை தெரியாது, டிபிஎஃப் மட்டும் சீக்கிரம் நிறையும். "டிபிஎஃப் கெட்டுவிட்டது, மாற்ற வேண்டும்" என்று பெரிய பில் போடுவதற்கு முன்னால் ஹோஸையும் கிளாம்பையும் பார்க்கச் சொல்வது இதனால்தான். புதிய டிபிஎஃப் போட்டாலும் கசிவு இருந்தால் அதுவும் அடைக்கும். கண்ணுக்குத் தெரியாத கசிவு என்றால் குழாய்க்குள் புகை விட்டுப் பார்க்கும் மெஷின் நல்ல ஒர்க்‌ஷாப்பில் இருக்கும்.

அடுத்தது டர்போவின் இதழ்களை அசைக்கும் ஆக்சுவேட்டர். வேக்யூமில் இயங்கும் வகை என்றால் நீங்களே பார்க்கலாம். ஒருவர் வண்டியை ஸ்டார்ட் செய்யட்டும், நீங்கள் டர்போவின் பக்கத்தில் இருக்கும் மெல்லிய கம்பியைக் கவனியுங்கள். ஸ்டார்ட் ஆனதும் அது வழுவழுப்பாக நகர வேண்டும், அணைத்தால் திரும்பி வர வேண்டும். நகரவே இல்லை, அல்லது திக்கித் திக்கி நகர்கிறது என்றால் வேக்யூம் ஹோஸில் வெடிப்பு இருக்கலாம், எலி கடித்திருக்கலாம், அல்லது இதழ்களில் கரி இறுகியிருக்கலாம். எலி கடித்த ஹோஸ் ரொம்பச் சாதாரணமாகப் பார்க்கிற விஷயம். மாற்றவும் அதிகச் செலவில்லை. மின்சார ஆக்சுவேட்டர் என்றால் ஸ்கேனர் வேண்டும்.

காற்றை அளக்கும் சென்சாரில் தூசியோ எண்ணெயோ படிந்தால், வரும் காற்றைவிடக் குறைவாகக் காட்டும். இசியுவும் டீசலைக் குறைக்கும். எண்ணெய் தடவிய காட்டன் ஏர் ஃபில்டர் மாட்டியவர்களுக்கு இது வரும். அந்தச் சென்சாருக்கென்றே விற்கும் ஸ்பிரேயால் மட்டும் கழுவுங்கள். பிரஷ், துணி, பெட்ரோல், ஏர் கன் எதுவும் வேண்டாம். உள்ளே இருக்கும் கம்பி அவ்வளவு மெல்லியது. ஏர் ஃபில்டரைப் பொறுத்தவரை, மண் ரோட்டிலும் குவாரிப் பக்கமும் ஓடும் வண்டி சர்வீஸ் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் வரை காத்திருக்கக் கூடாது.

டீசல் ஃபில்டர் அடைத்தால் அறிகுறி வேறு மாதிரி இருக்கும். முதல் மிதியில் தயக்கம் தெரியாது. ஏற்றத்திலோ லோடிலோ தொடர்ந்து இழுக்கும்போது திடீரென்று சக்தி விழும். டீசலை அழுத்தத்தில் தேக்கி வைக்கும் காமன் ரெயில் குழாயில், ஐடிலில் 300 பார் அளவில் இருக்கும் அழுத்தம் முழு இழுவையில் 1,600 பாருக்கு மேலே போக வேண்டும், அடைத்த ஃபில்டர் அதற்கு விடாது.

பலர் யோசிக்காத ஒன்று, பிரேக் லைட் சுவிட்ச். பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் ஒரே நேரத்தில் மிதிபட்டால் பிரேக்குக்கே முன்னுரிமை என்பது இப்போதைய வண்டிகளில் பாதுகாப்பு ஏற்பாடு. சுவிட்ச் பழுதாகி, பிரேக் மிதிபட்டிருக்கிறது என்று தவறாகச் சொன்னால் இசியு இழுவையைக் குறைத்துவிடும். பிரேக்கைத் தொடாமல் இருக்கும்போது பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

டிபிஎஃப் பற்றித் தனியாக. ஊருக்குள்ளேயே, மூன்று நாலு கிலோமீட்டராக ஓடும் வண்டியில் அது நிறைந்துகொண்டே போகும். நிறைந்தால் புகைபோக்கியில் தடை, டர்போவுக்கும் மூச்சு முட்டும். சுத்தம் செய்ய 550, 600 டிகிரிக்கு அதைச் சூடாக்கிக் கரியை எரிக்க வேண்டும், அதற்கு வண்டி சீராக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஐடில் வழக்கத்தைவிட ஏறியிருக்கிறது, ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிறது, மைலேஜ் காட்டி திடீரென்று கீழே இறங்கியிருக்கிறது என்றால் எரிப்பு நடந்துகொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் வண்டி மந்தமாகத் தெரிவதும் இயல்பு. அணைக்காதீர்கள், பைபாஸில் ஒரு இருபது நிமிஷம் ஓட்டிவிட்டு வாருங்கள். பாதியில் அணைத்து அணைத்து விட்டால், எரிப்புக்காகக் கூடுதலாகத் தெளித்த டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இன்ஜின் ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் குறைவதற்குப் பதிலாக ஏறியிருந்தால் இதுதான் காரணம், உடனே ஆயிலை மாற்ற வேண்டும்.

இவ்வளவையும் கண்ணால் பார்ப்பதைவிட, வண்டியைப் பரிசோதிக்க வைத்திருக்கும் ஓபிடி சாக்கெட்டில் மாட்டும் சின்ன புளூடூத் ரீடர் ஒன்றும் மொபைலில் ஒரு ஆப்பும் இருந்தால் பாதி சந்தேகம் வீட்டிலேயே தீரும். சாவியைப் போட்டு, ஸ்டார்ட் செய்யாமல், இன்டேக் அழுத்தத்தைப் பாருங்கள். சென்னை, மதுரை மாதிரி ஊர்களில் நூறு கிலோபாஸ்கலை ஒட்டிக் காட்டினால் அந்தச் சென்சார் சரி. ஓட்டும்போது பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து அவரைப் பார்க்கச் சொல்லுங்கள்: மூன்றாம் கியரில் 1,500-லிருந்து முழுசாக மிதித்தால் மிதியின் அளவு உடனே நூறை ஒட்டிப் போக வேண்டும், இன்டேக் அழுத்தம் அதைத் தொடர்ந்து ஏறி 200-ஐத் தாண்ட வேண்டும். மிதி ஏறியும் அழுத்தம் 140, 150-லேயே நின்றுவிட்டால் கசிவோ ஆக்சுவேட்டரோதான். அழுத்தம் நன்றாக ஏறி, ரெயில் அழுத்தம் மட்டும் விழுந்தால் டீசல் பக்கம். "த்ராட்டில் பொசிஷன்" என்று காட்டும் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். டீசலில் இருக்கும் அந்தத் தகடு இஜிஆருக்கும் டிபிஎஃப் எரிப்புக்கும் உதவ வைத்தது. உங்கள் மிதியின் அளவை அது காட்டாது.

இனி நண்பர் சொன்ன த்ராட்டில் பாக்ஸ். அது ஆக்ஸிலேட்டர் மிதிக்கும் இசியுவுக்கும் நடுவே உட்கார்ந்து, நீங்கள் 30 சதவீதம் மிதித்தால் 60 என்று சொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை. சக்தி கூட்டாது, காற்றையும் சீக்கிரம் கொண்டுவராது, புகை வரம்பைத் தொடாது. மேலே சொன்ன சோதனையில் பாதி மிதிக்குச் சோம்பல், முழு மிதிக்கு நல்ல ஓட்டம் என்று வந்திருந்தால் மட்டும் அது உங்களுக்குப் பிடிக்கலாம். முழுசாக மிதித்தும் தயங்கும் வண்டிக்கு அதை மாட்டுவதில் ஒரு பயனும் இல்லை, ஏனென்றால் நூறைத் தாண்டி அதனால் சொல்ல முடியாது. சேற்றிலும் கல் பாதையிலும் காலைத் துளித் துளியாகப் பயன்படுத்த வேண்டியிருக்கும். அங்கே அது இடைஞ்சல், கட்டாயம் குறைத்து வைக்க வேண்டும்.

இஜிஆரை அடைப்பது, டிபிஎஃப்பை உள்ளே குடைந்து எடுப்பது, புகை வரம்பைத் தூக்கிவிட்டு இசியுவின் மென்பொருளை மாற்றி ரீமேப் செய்வது ஆகியவற்றால் மந்தம் குறையும் என்பது உண்மை. அதை மறைத்து உங்களை நம்பவைக்க விரும்பவில்லை. ஆனாலும் செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன். அந்தத் துள்ளல் வருவது, பழைய கேம்பரைப்போல மற்றவர்கள் மூச்சில் புகையை விடுவதால்தான். வாரன்டி போகும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்சியில் இருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. மாசு விதியை மீறினால் 190-ஆம் பிரிவில் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், சிறையும் உண்டு. பிக்கப் அதிகம் ஓடும் அமெரிக்காவில் இது எங்கே போய் முடிந்தது என்று பாருங்கள். பத்தாண்டில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்புகளில் மாசுக் கட்டுப்பாட்டுச் சாதனங்களை நீக்கியிருக்கிறார்கள் என்று அந்த நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-ல் கணக்குச் சொன்னது. நிறுவனங்களும் தப்பவில்லை: ராம் பிக்கப்புகளின் இன்ஜினில் மாசுக் கட்டுப்பாட்டை ஏமாற்றும் மென்பொருள் இருந்ததாக எழுந்த வழக்கில் கம்மின்ஸ் நிறுவனம் 167.5 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது.

டயர் மாற்றியிருக்கிறீர்களா என்பதையும் கேள்வியில் நீங்கள் சொல்லவில்லை. பிக்கப் வாங்கிய பலர் முதலில் செய்வது அதுதான். 255/60 ஆர்18 டயரின் உயரம் 763 மில்லிமீட்டர். அதை எடுத்துவிட்டு 285/60 ஆர்18 போட்டால் 799. ஏறக்குறைய 5 சதவீதம் உயரம் கூடும், அதே வேகத்தில் ஆர்பிஎம் அதே அளவு குறையும். 1,800-ல் ஓடிய இன்ஜின் இப்போது 1,720-ஐ ஒட்டி ஓடும், அதாவது டர்போ விழித்திருக்கும் எல்லையின் விளிம்பில். சக்கரத்தின் எடையும் கூடுகிறது. அதன் மேல் இரும்பு பம்பர், வின்ச், மேலே கேரியர் என்று நூறு, நூற்றைம்பது கிலோ ஏற்றிவிட்டு இன்ஜினைக் குறை சொல்வது நியாயமில்லை.

வடிவமைப்பில் இருக்கும் தாமதத்தை ஓட்டும் விதத்தால் நன்றாகவே சமாளிக்கலாம். பழைய இன்ஜினைப் பெரிய கியரிலேயே 1,000 ஆர்பிஎம்மில் முனக வைத்து ஓட்டிய பழக்கம் இதற்கு ஆகாது. டர்போவை எப்போதும் விழிப்பாக வைத்திருங்கள், ஊசி 1,700-க்குக் கீழே வந்தால் ஒரு கியர் குறையுங்கள். ஓவர்டேக் எடுப்பதற்கு முன்னால், எதிர்ப்பக்கம் காலியாகும்வரை பின்னாலேயே இருக்கும்போதே கியரைக் குறைத்து 2,000-க்குக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளுங்கள். வழி கிடைத்ததும் மிதித்தால் உடனே பாயும். கொண்டை ஊசி வளைவில் முழுசாகத் திரும்பியபின் மிதிக்காமல், திரும்பும் பாதியிலேயே காலை லேசாக வைத்து டர்போவை எழுப்பிவிடுங்கள். ஏற்றம் செங்குத்து என்றால் முதல் கியருக்குப் போவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

சர்வீஸ் சென்டருக்குத் திரும்பப் போகும்போது "பிக்கப் இல்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தக் கியர், எந்த ஆர்பிஎம், எவ்வளவு மிதி, எத்தனை கிலோமீட்டரில் ஆரம்பித்தது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஸ்கேனரை மாட்டி ஒருவர் கூடவே வந்து ஓட்டிப் பார்க்க வேண்டும், இசியு கேட்ட டர்போ அழுத்தத்தையும் உண்மையில் வந்த அழுத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும் என்று கேளுங்கள். இரண்டும் ஒட்டி ஓடினால் வண்டியில் குறை இல்லை. இடைவெளி இருந்தால், ஹோஸ், கிளாம்ப், ஆக்சுவேட்டர், இஜிஆர் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பதிவை மொபைலில் படம் எடுத்து இங்கே போட்டால் நானும் பார்க்கிறேன்.